காப்பிக்கு ஓர் எழுத்து குறை

எங்கள் மலைக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்கு மெத்தை போட்டார்கள். லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, அதன் மேல் பெட்டியை உட்கார வைத்து, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைவு வளைவாக மேலே கொண்டுவந்தார்கள். அதே லாரியில் பின்னால் நின்றுகொண்டு வந்த எங்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கயிறுகூட இல்லை. பெட்டியோடு வந்த கம்ப்யூட்டர் மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வாந்தி எடுத்தார். மேலே வந்து இறங்கியதும் முதலாளி அவரைப் பற்றிக் கேட்கவில்லை, "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றுதான் கேட்டார்.

முதலாளி கீழே காளப்பநாயக்கன்பட்டிக்காரர். எங்கள் மலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் அவருக்கு ஒரு மண்டி இருந்தது. மலையில் விளையும் மிளகையும் காப்பிக் கொட்டையையும் எடை போட்டு வாங்கிக் கீழே அனுப்புவார். தராசு பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் என் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவன். எதிரே ஆள் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நான் பேசமாட்டேன் என்பதால் எல்லோரும் என் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். பெரிய மனிதர்களின் முட்டாள்தனத்தை இத்தனை பக்கத்திலிருந்து பார்க்க என்னைப்போல் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

கம்ப்யூட்டரில் உட்கார என் மகளை வைத்துக்கொண்டார்கள். அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தாள். அவள்மேல் இருந்த மதிப்பால் ஒன்றும் முதலாளி வேலை கொடுக்கவில்லை. கீழ்நாட்டுப் பிள்ளைகள் யாரும் மலையில் வந்து தங்க ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி அவளுக்குக் கெடு வைத்திருந்தாள். "வேல நெலச்சா போ. இல்லீனா தை மாசத்துல எங்கண்ணன் பையனுக்குக் கட்டிக் குடுத்துருவேன். அப்பறம் அழுவக் கூடாது" என்றாள். அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அவனுடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். என் மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இந்த வேல எப்படியாச்சும் நெலைக்கோணுமுங்கப்பா."

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அப்போதெல்லாம் படம் கிடம் ஒன்றும் வராது. திரை கறுப்பாக இருக்கும். மூலையில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வேண்டியதன் பெயரை அடித்தால் அது வந்து நிற்கும். மிளகுக் கணக்குக்கு மாஸ்டர் 'மிளகு' என்றே இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்திருந்தார். முதல் நாள் முதலாளி சூடம் காட்டி முடித்ததும் என் மகள் அந்தப் பெயரை அடித்தாள். 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' என்று வந்தது.

மாஸ்டர் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாரும்மா, நீ குடுத்த கமாண்ட் மோசம்னு அதுவே சொல்லுது" என்றார்.

அவள் அடித்தது ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. மாஸ்டர் அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து, ஏதோ ஒரு வரி அடித்தார். பிறகு அதே பெயரை அடித்தார். மிளகு வந்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னங்க சார் பண்ணுனீங்க?" என்று என் மகள் கேட்டாள்.

"பாத் குடுத்தேன்."

"பாத்துன்னா பாதைங்களா சார்?"

"உனக்கெல்லாம் சொன்னாப் புரியாது. மிளகு வந்துருச்சில்ல?"

அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கும் புரிய வைத்தாள்.

"பெட்டிக்குள்ள அறை அறையாப் பிரிச்சிருக்குதுங்கப்பா, பேரை அடிச்சா அது பூராவும் தேடாது. கொஞ்சம் வார்த்தைங்களை அது மனப்பாடமா வெச்சிருக்குது. மொதல்ல அதுல ஒண்ணான்னு பாக்கும். இல்லீனா, இப்ப நிக்கற அறைக்குள்ள பாக்கும். அங்கயும் இல்லீனா, பாத்துன்னு ஒரு வரி எழுதி வெச்சிருப்பாங்க. அதுல என்னென்ன அறை இருக்குதோ அதையெல்லாம் வரிசையாப் பாத்துட்டே போகும். எதுல மொதல்ல கெடைக்குதோ அதோட சரி. அதுக்கு மேல ஒரு அடி வெக்காது."

"அந்த வரியில எழுதாத அறையில இருந்துச்சுன்னா?"

"அது இல்லாத பேருதான்."

"இல்லைன்னு சொல்லட்டும், ஞாயம். மோசம்னு எதுக்குச் சொல்லுது?"

அவள் சிரித்தாள். "நாலு எடத்துல பாத்தேன், கெடைக்கலைன்னு சொன்னா அதுக்குக் கௌரவக் குறைச்சலுங்கப்பா."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியின்மேல் பயமெல்லாம் போய்விட்டது. அதை நான் ஏற்கனவே அறிவேன். அது எங்கள் முதலாளிதான். அவர் என்னைத் தேடும்போது முதலில் தராசடியில் பார்ப்பார், பிறகு குடோனில், பிறகு எதிர் டீக்கடையில். இந்த மூன்றிலும் நான் இல்லையென்றால், "அவன் இன்னைக்கு வேலைக்கே வரலை, ஏமாத்திப்போட்டான்" என்று ஊருக்கே சொல்லிவிடுவார். நான் மண்டிக்குப் பின்னால் களத்தில் வெயிலில் நின்று மிளகு புரட்டிக்கொண்டிருப்பேன். நான்காவது இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இவரைப்போல் ஒன்றைச் செய்து, மெத்தையில் வைத்து மலையேற்றி, அதற்கு அறிவாளி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மிளகுப் பருவம் நல்லபடியாக ஓடியது. ஐப்பசி மழை விட்டதும் காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்தது. காப்பிக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று முதலாளி மாஸ்டரை மறுபடி மேலே வரவழைத்தார். அதற்கு முன்பே அவர் நாமக்கல்லில் சொல்லிச் சாக்குகளுக்கு எழுத்து அச்சடித்து வாங்கியிருந்தார். மிளகுச் சாக்கில் மிளகு என்று. காப்பிச் சாக்கில் காப்பி என்று. இரண்டும் இங்கிலீஷ் எழுத்தில். காப்பிக்கு அவர் சொல்லிக் கொடுத்த எழுத்துகள் சி, ஓ, பி, ஒய். அவருடைய மச்சான் கீழே வைத்திருக்கும் டீக்கடைப் பலகையில் அப்படித்தான் இருக்கிறதாம். காப்பியைக் குடித்துப் பார்த்தால் அந்தப் பலகையில் எழுதியதுதான் சரி என்று சொல்லலாம். அந்தக் காப்பி எதனுடைய நகல் என்றுதான் தெரியாது. அந்த எழுத்துகளுக்கு வேறு அர்த்தம் என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சாக்குகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டன.

மாஸ்டர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பஸ்ஸைவிட்டு இறங்கினார். முகம் வெளிறிக் கிடந்தது. கொண்டுவந்த காப்பிக் கணக்கைப் பெட்டியில் ஏற்றினார். அவர் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைத்திருந்தார்.

"அந்தப் பேரு எனக்கு வெளங்கலீங்க" என்றார் முதலாளி. "மூட்டையில என்ன போட்டிருக்குதோ அதையே இதுலயும் போடுங்க. சி, ஓ, பி, ஒய்."

கீழே போகும் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் மாஸ்டர் மலையிலேயே தங்க வேண்டும். அவர் அந்த நான்கு எழுத்தை அடித்துப் பெயரை மாற்றினார். ஒருதரம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடும்போது என் மகளைப் பார்த்து, "உள்ள எதுலயும் கை வெக்காதே. பேரு கீரு மாத்தினா அப்பறம் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தான் தினமும் அடிக்கிற ஒரு சொல்லைத்தான் பெயராக வைத்துவிட்டுப் போகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவருக்கு அப்போது வயிற்றைத் தவிர வேறு நினைப்பில்லை.

மறுநாள் காலையில் என் மகள் முதலாளி முன்னால் அந்தப் பெயரை அடித்தாள். பெட்டி, 'ரெக்வயர்ட் பாராமீட்டர் மிஸ்ஸிங்' என்றது.

"என்னன்னு சொல்லுது?" என்றார் முதலாளி.

"வேண்டியது ஒண்ணு குறையுதுன்னு சொல்லுதுங்க."

முதலாளி தலையை ஆட்டினார். "குறையத்தான் செய்யும். மிளகுக்குச் சூடம் காட்டினோம். காப்பிக்கு ஒண்ணுமே பண்ணலையே."

தேங்காய் உடைத்தார்கள். பெட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். என் மகள் மறுபடி அடித்தாள். வேண்டியது ஒன்று குறைகிறது என்றது. எலுமிச்சம்பழம் அறுத்து வாசலில் வைத்தார்கள். அப்போதும் குறைந்தது. ஊதுவத்திப் புகையில் எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

முதலாளி மாஸ்டருக்குப் போன் போட்டு, ரிசீவரை என் மகள் கையில் கொடுத்தார். மாஸ்டர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அந்தப் பக்கம் பேசியதும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"சார், காப்பி வர மாட்டேங்குதுங்க."

"எதைக் காப்பி பண்ற?"

"காப்பியத்தானுங்க சார்."

"அதான் எதை? எங்கிருந்து எங்க?"

"எங்கயும் இல்லீங்க சார். காப்பி நம்ம பெட்டியிலதான் இருக்குது. கூப்பிட்டா வரலீங்க."

"ஏம்மா, காப்பி பண்ணணும்னா எதை, எங்கன்னு ரெண்டும் சொல்லணும். இதுகூடத் தெரியாமயா கோர்ஸ் முடிச்சே?"

"அதில்லீங்க சார், இந்தப் பேரே ஏற்கனவே அதுக்கு…"

"போனை மொதலாளிகிட்ட குடு."

முதலாளி ரிசீவரை வாங்கிக் கேட்டுக்கொண்டார். வைத்ததும் என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ளைக்கு ஒரு காப்பிகூடப் பண்ணத் தெரியலைன்னு சொல்றாருப்பா. வர்ற சந்தைக்குக் காப்பிக்காரங்க எல்லாம் மூட்டையோட வந்து நிப்பாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா நான் கீழிருந்து ஒரு ஆளைக் கொண்டாரேன். தப்பா நெனச்சுக்காதே."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு வேறென்ன தெரியும்.

வழியில் என் மகள் அழவில்லை. கோபத்தில் வேகமாக நடந்தாள். "அது மனப்பாடமா வெச்சிருக்கற வார்த்தையில அதும் ஒண்ணுங்கப்பா. நகல் எடுக்கறதுக்கு உண்டான வார்த்தை. பேரைச் சொன்னதும் தனக்குத் தெரிஞ்சதுதான்னு நெனச்சுக்குது. எதை எடுத்து எங்க வெக்கோணும்னு கேக்குது. அதுதான் குறையுதுங்கறது. நம்ம காப்பி இருக்கற அறைக் கதவை அது தொட்டுக்கூடப் பாக்கலை. பாதையில அந்த அறை எழுதித்தான் இருக்குது. அந்தப் பாதைக்கு அது போனாத்தானே?"

"பேரை மாத்துனா?"

"ஒரு எழுத்து மாத்துனாப் போதும். ஆனா கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. சாக்குல போட்ட பேரை மாத்த மொதலாளியும் ஒத்துக்கோணும்."

மறுநாள் அவள் முதலாளியிடம் சொல்லியும் பார்த்தாள். நன்றாகத்தான் சொன்னாள், மனப்பாட வார்த்தை, அறை, பாதை எல்லாம் சொன்னாள். முதலாளி பாதியிலேயே கையமர்த்தினார். "கண்ணு, அடிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. பேரு மேல பழியப் போடாதே. அத்தனை சாக்கு எழுதி வந்திருக்குது."

அன்றைக்கு முழுவதும் நான் மூட்டை அடுக்கிக்கொண்டே யோசித்தேன். என் மகள் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை இருக்கும் இடத்தில் முதலாளி தேடமாட்டார். ஒரு சொல் காதில் விழுந்தால் முதலில் தனக்கே தெரிந்ததா என்று பார்ப்பார். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது அவருடைய எண் ஜோசியர். அடுத்தது மாஸ்டர். தராசுக்காரனும் அவன் மகளும் அந்த வரிசையில் எந்தக் கோடியிலும் கிடையாது. கூரைமேல் ஏறி நின்று கத்தினாலும் நாங்கள் இல்லாத பேர்தான். அப்படியானால் சரக்கை நம் அறையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவர் தேடுகிற அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அந்த ஜோசியரைப் பற்றி எனக்குத் தெரியும். போன வருடம்தான் அவர் சொல்லி மண்டிப் பலகையில் முதலாளி பெயரின் நடுவே இங்கிலீஷில் ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள். அதைப் படித்தால் திக்குகிறவன் பேர் சொல்வதுபோல் இருக்கும். அந்தப் பலகையை ஏணி போட்டு மாட்டியவனும் நான்தான்.

சாயங்காலம் முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். நானாகப் போய் அவர் முன்னால் நின்றதே இல்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லீங்க." திரும்பிப் போய்விடலாம் என்று கால் எடுத்துவிட்டேன். பிறகு எப்படியோ வந்தது. "அந்தக் காப்பிங்கற பேரு… ராசி இல்லீங்களோ என்னமோ."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அட, ஆமா" என்றார். "நானும் அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் வந்தது.

சந்தைக்கு முந்தின நாள் ஜோசியர் வாடகைக் காரில் வந்தார். விரல் முழுக்கக் கல் மோதிரம். ஒரு காகிதத்தில் நான்கு எழுத்தையும் எழுதி, கீழே எண் போட்டு, கூட்டினார், கழித்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் மகளிடம், "மெசின் என்னம்மா சொல்லுது?" என்றார்.

"வேண்டியது ஒண்ணு குறையுதுன்னு சொல்லுதுங்க."

ஜோசியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். "பாத்தீங்களா? அதுவே வாய் விட்டுச் சொல்லுது. எழுத்து குறையுது. இன்னொரு பி சேருங்க."

முதலாளிக்கு உடம்பு புல்லரித்தது. கையைத் தூக்கிக் காட்டினார். என் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் சிரித்துக் காட்டிக்கொடுத்திருப்போம். "பேரை நானே மாத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "மாத்து கண்ணு, மாத்து. ஜோசியரே சொல்லியாச்சு, மாஸ்டர் என்ன சொல்றது" என்றார் முதலாளி.

அவள் மாற்றினாள். ஜோசியர் நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். அவள் புதுப் பெயரை அடித்தாள். பெட்டி மனப்பாடத்தில் பார்த்தது, அப்படி ஒரு சொல் இல்லை. நின்ற அறையில் பார்த்தது, இல்லை. கடைசியில் பாதையில் எழுதியிருந்த அறைக்குப் போய்ப் பார்த்தது. காப்பி வந்தது.

முதலாளி ஜோசியர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்து தன் கடைப் பெயரையும் பார்க்கச் சொன்னார். யாரும் என் மகளைப் பார்க்கவில்லை. ஜோசியர்தான் பார்த்தார். அதுவும் நல்லதற்கில்லை.

"இந்தப் புள்ள பேரென்ன?" என்றார். சொன்னோம். அதையும் எழுதிக் கூட்டினார். "இதுலயும் ஒரு எழுத்து குறையுது. இந்தப் பேரோட மெசின் முன்னால உக்காந்தா மெசினுக்குத்தான் தடங்கல்."

முதலாளி தயங்கவில்லை. "சேத்துக்க கண்ணு. சேத்துக்கிட்டா வேல உனக்கு நிரந்தரம்."

அந்தப் பெயர் என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் பெயர். அதில் எந்தக் குறையும் இல்லாமல்தான் அந்த அம்மா எண்பது வயசுக்குமேல் வாழ்ந்து போய்ச் சேர்ந்தாள். ஆனால் அந்த வருடத்துக்கு உண்டான பேச்சையெல்லாம் நான் ஏற்கனவே பேசி முடித்திருந்தேன்.

என் மகள் அமைதியாக, "மேஜையில பேர் எழுதி வெப்பீங்கல்ல, அதுல சேத்துப் போட்டுருங்க" என்றாள். அவ்வளவுதான். மறுவாரம் அவள் மேஜையில் ஒரு மரப்பலகை வந்தது. அதில் அவள் பெயரும் திக்கியது. முதலாளி அவளைக் கூப்பிட்டதென்னவோ எப்போதும் போல 'கண்ணு' என்றுதான்.

சந்தை நாளில் காப்பிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். நான் எடை சொன்னேன், அவள் அடித்தாள், பிரிண்டர் கறகறவென்று சீட்டைத் தள்ளியது. மதியத்துக்குமேல் கூட்டம் குறைந்தபோது அவள் முதலாளியிடம் மறுபடி உண்மையைச் சொன்னாள். வேலை நிலைத்துவிட்ட தைரியம். மனப்பாட வார்த்தை, அறை, பாதை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்ப பழைய பேரு சரியில்லைங்கற?"

"ஆமாங்க."

"அதத்தானே கண்ணு ஜோசியரும் சொன்னாரு?"

அவள் திரும்பி அடுத்த சீட்டை அடிக்க ஆரம்பித்தாள். தராசடியில் நின்றிருந்த எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் காரணம். முட்டாள் தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். சரியாகப் பேசும்போதுதான் தாங்க முடியவில்லை.

மாஸ்டர் அதற்குப் பிறகு மலையேறவில்லை. போனிலேயே தான் சரிசெய்து கொடுத்ததாகக் கீழே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். தை மாதம் மைத்துனர் குடும்பத்தோடு வந்து கேட்டபோது என் மனைவி, "அவ வேல நெலச்சுப் போச்சுங்கண்ணா, இனி அவ சொல்றதுதான்" என்றாள். அவர் பையன் அவனுடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கு மட்டும் அந்தக் காப்பி லேசில் விடவில்லை. பெட்டியில் ஒரு பெயர், சாக்கில் ஒரு பெயர் இருக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்து என்னைக் குடோனில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு சாக்கிலும் இன்னொரு பி எழுத வேண்டும். அச்சடித்தவன் எழுத்துகளுக்கு நடுவே இடம் விடவில்லை. ஆகவே பி-யை மேலே தூக்கி, மற்ற எழுத்துகளின் தலைமேல் உட்கார வைத்தேன். பெயின்ட் ஒழுகி அதற்கு ஒரு வாலும் முளைத்தது.

சேலத்து வியாபாரி ஒருவர் அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு, "இது என்ன புது ரகமா?" என்று கேட்டாராம்.

"ஆமாங்க, எங்க மலையில மட்டும் வெளையறது" என்றாராம் முதலாளி.